ஃபிரிட்ஜில் வைத்த சாவி

ஆர்வில் காஸ்டனுக்கு ஆகாய விமானம் என்றால் ஆகவே ஆகாது. ஏறப் பயந்தவர் இல்லை, சத்தம்தான் பிடிக்காது. ஆனால் பர்பாங்க் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீட்டையும் வாங்கிப்போட்டார். தலைக்கு மேல் ஒன்று பறந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார், அது மறைந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடருவார். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கும் அப்படித்தான் காத்திருந்து சம்மதம் சொன்னாராம். மணப்பெண் லூயிஸுக்கு ஒரு கணம் உயிர் போய் உயிர் வந்ததாம்.

அவருடைய வேலை சினிமாவில் ஒலிப்பதிவு. நடிக்கிறவர்கள் பேசுவதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பதிவு செய்கிற வேலை. ஹாலிவுட்டில் இதைவிடக் கேட்பாரற்ற உத்தியோகம் கிடையாது. வேலை ஒழுங்காக நடந்தால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் தோன்றாது. ஒரு தப்பு நடந்துவிட்டால் மட்டும் செட்டே திரும்பி முறைக்கும். திரையில் அவர் பெயர் வருகிற நேரத்தில் ஜனங்கள் இன்னும் இருட்டில் சீட்டைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. காட்சி எடுத்து முடிந்ததும், எடுத்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பேச்சில்லாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. அது அறைக்கு அறை வேறு. எடிட்டர் வசனத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அடைக்க அது தேவைப்படும். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினால், கதாநாயகி முதல் காபி ஊற்றுகிறவர் வரைக்கும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவர் ‘போதும்’ என்று சொல்லும் வரை டைரக்டர்கூட வாயைத் திறக்கக் கூடாது. அரை நிமிஷ சமாசாரம்தான். பகலெல்லாம் எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற ஆர்விலுக்கு அந்த அரை நிமிஷம் மட்டும் அவருடைய ராஜ்யம்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. வீடுகளில் படம் எடுக்கப் போனால் முதல் காரியமாக ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் உறுமல் வசனத்துக்குள் வந்துவிடும். ஒரு தடவை பாசடீனாவில் ஒரு விதவையின் வீட்டில் அணைத்தவர், மறுபடி போட மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நன்றிப் பண்டிகைக்கு அந்த அம்மாள் வாங்கி வைத்திருந்த வான்கோழி நாறிப்போனது. அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதை ஒரு தட்டில் வைத்து ஸ்டூடியோவுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த ஒரு வாரமும் ஆர்வில் போகுமிடமெல்லாம் யாராவது கோழி மாதிரி கத்திக் கிண்டல் செய்தார்கள்.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் அவரோடு வேலை பார்த்த இஸ்ஸி. அடுத்ததாகப் படம் எடுக்கப் போன வீட்டில் ஆர்வில் ஃபிரிட்ஜை அணைத்த உடனேயே அவருடைய சட்டைப்பையில் கையை விட்டு, கார் சாவியை எடுத்து உள்ளே வெண்ணெய்ப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

“இனிமே நீ வீட்டுக்குப் போகணும்னா இதைத் திறந்துதான் ஆகணும். திறந்தா உள்ள விளக்கு எரியாது. அப்பவாவது உனக்கு உறைக்குதான்னு பாப்போம்,” என்றான்.

அன்று முதல் கடைசி வரைக்கும் ஆர்விலின் சாவி ஜில்லென்றுதான் இருந்தது.

இஸ்ஸியின் முழுப் பெயர் இசிடோர் பெல்மன். பாயில் ஹைட்ஸில் ஒரு தையல்காரரின் மகன். நீளக் கழியின் நுனியில் மைக்கைக் கட்டி, நடிகர்களின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற வேலை அவனுக்கு. மைக்கும் படத்தில் தெரியக் கூடாது, அதன் நிழலும் சுவரில் விழக் கூடாது. கை நடுங்கினால் தீர்ந்தது கதை. இஸ்ஸியின் கை நடுங்காது. வாய்தான் நிற்காது. காட்சி ஓடும்போது மட்டும் ஊமை, மற்ற நேரமெல்லாம் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பான். அவனும் ஆர்விலும் சேர்ந்து பதினோரு படம் வேலை செய்தார்கள். அதில் பாதிக்கு மேல் டைரக்டர் லாயிட் மெரிக்கின் படங்கள்.

மெரிக்கைப் பற்றி இந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு பேர் நிதானமாகப் பேச முடியாது. ஆரஞ்சுத் தோட்டத்துக் கூலிகளின் வேலைநிறுத்தத்தைப் படமாக எடுத்து, பத்திரிகைகளில் தேசத்துரோகி என்று பெயர் வாங்கியவர். அந்தப் படத்தை ஓட்டிய சில கொட்டகைகளில் கல் விழுந்தது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு கிழவி, இறந்த மகனின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுக் கல் எறிந்தவனும் அழுதிருப்பான். அந்தக் காட்சியில் அவளுக்கு முன்னால், கழியைத் தூக்கிப் பிடித்தபடி, முழுப் படிக்கட்டையும் பின்பக்கமாகவே இறங்கியவன் இஸ்ஸி. நிழல் விழவில்லை, ஒரு படிகூடத் தட்டவில்லை. எடுத்து முடிந்ததும் மெரிக் எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்து, இவன் தோளில்தான் என் படம் நிற்கிறது என்று சொன்னார்.

அந்தப் பாசத்தில்தான் அவனைக் கூட்டங்களுக்கும் அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமைகளில் யாராவது ஒரு கதாசிரியர் வீட்டில் கூடுவார்கள். ரஷ்யா, ஸ்பெயின், கூலி உயர்வு என்று பேச்சு நீளும். மெரிக்கே அவனுக்குக் கம்யூனிஸ்ட் கட்சி அட்டையும் வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று ஆர்வில் ஒரு நாள் கேட்டார். பேச்சு முழுதாகப் புரியவில்லை, ஆனால் ரொட்டிக்கு நடுவில் வைக்கிற புகையிட்ட மாட்டிறைச்சி பிரமாதம், கதாசிரியர்களுக்குத் தின்னத் தெரிகிறது என்றான் இஸ்ஸி. அவன் மனைவி ஃப்ரீடாவுக்கு அந்த அட்டை பிடிக்கவில்லை. பெரிய மனுஷர்கள் விளையாடுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று ஆர்வில் முன்னாலேயே அவனைக் கேட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் வாஷிங்டன் விசாரணைக் குழு மெரிக்கைக் கூப்பிட்டது. சினிமாவில் யார் யார் கம்யூனிஸ்ட் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு ஸ்டூடியோவில் வேலை கிடையாது, ஜெயிலும் உண்டு. பாத்திரம் தேய்த்துப் பிழைப்பேனே தவிர ஒருவன் பெயரையும் சொல்ல மாட்டேன் என்று மெரிக் கேன்டீனில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். போனவர் சொல்லிவிட்டார்.

ஏழு பேரைச் சொன்னார். இரண்டு கதாசிரியர், மூன்று நடிகர், ஒரு டைரக்டர், ஒரு சங்கீதக்காரர். எல்லாருமே ஏற்கெனவே வேறு வாய்களால் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் சரித்திரமும் அத்தோடு நின்றிருக்கும். வேறு யாராவது உண்டா என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். மைக் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார், இசிடோர் பெல்மன் என்று மெரிக் சொல்லியிருக்கிறார். அவர்கள் நன்றி சொல்லி, சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டார்கள்.

பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இஸ்ஸி ஆர்விலின் சமையலறைக்கு வந்தான். ஏழு பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. கடைசிப் பத்தியில், வேறு விஷயத்துக்கு நடுவில், அவன் பெயர் இருந்தது. ஆர்வில் படித்துவிட்டுத் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“பதினோரு படம் பண்ணியிருக்கேன். ஒண்ணுலகூட என் பேரைப் போட்டதில்ல. முதல் தடவையா போட்டிருக்கார்யா,” என்றான் இஸ்ஸி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான். டம்ளரைப் பிடித்தபோது அவன் கை நடுங்கியது. அதை ஆர்வில் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை ஸ்டூடியோ வாசலில் அவனைத் தடுத்துவிட்டார்கள். தடுத்த காவல்காரன், நாலு வருஷமாகத் தினமும் அவனிடம் சூயிங்கம் வாங்கித் தின்றவன்தான். உள்ளே ஒரு புது ஆள் கழியைத் தூக்கிக்கொண்டு நின்றான். மெரிக் வந்தார். முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தார். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். இஸ்ஸி எங்கே என்று ஒருவர் கேட்கவில்லை. ஆர்விலும் கேட்கவில்லை. சாயங்காலம் வழக்கப்படி அவர் கையைத் தூக்கினார், எல்லாரும் அப்படியே நின்றார்கள். இருமல் இல்லை, செருப்பு உரசவில்லை. அவ்வளவு சுத்தமான நிசப்தம் அவருக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அவர் ஏன் அன்றைக்கே ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு வரவில்லை என்று சிலர் கேட்பார்கள். வெளியில் இருந்து கேட்பது சுலபம். மகள் ஜூனுக்கு அந்த வருஷம்தான் இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பியிருந்தது. வைத்தியமெல்லாம் ஸ்டூடியோவின் காப்பீட்டில் நடந்தது. இஸ்ஸியே அவரைப் போகச் சொன்னான்.

“நீயும் வெளிய வந்துட்டா எனக்கு என்ன கிடைக்கும், பட்டினிக்குக் கூட ஒரு ஆளா? புள்ளையோட காலைப் பாரு. போ,” என்றான்.

ஆர்வில் போனார். சொன்னவுடன் போய்விட்டோமே, இரண்டாம் தடவை அவன் சொல்லும் வரைக்கும்கூட நிற்கவில்லையே என்பதுதான் அவரைப் பிற்பாடு அரித்தது. மெரிக்கோடு இன்னும் ஆறு படம் செய்தார். ஊரே எதிர்த்தாலும் உண்மையைச் சொல்கிற ஒரு வாத்தியாரைப் பற்றிக்கூட மெரிக் ஒரு படம் எடுத்தார், விருதுகளாகக் குவிந்தன. நல்ல படம்தான் அது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வாத்தியார் பேசுகிற ஒவ்வொரு வசனத்தையும் ஆர்வில் காதில் வாங்கிப் பதிவு செய்தார்.

இஸ்ஸி செருப்புக் கடையில் சேர்ந்தான். தொப்பி போட்ட அரசாங்க உளவுக்காரர்கள் இரண்டு பேர் வந்து முதலாளியிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனார்கள், வேலை போயிற்று. ரொட்டி வண்டி ஓட்டினான், அங்கேயும் வந்தார்கள். கடைசியில் வில்ஷயர் சாலைக் கட்டிடங்களில் ஜன்னல் துடைக்கிற வேலை கிடைத்தது. நீளக் கழியின் நுனியில் துணியைக் கட்டி, அண்ணாந்து பார்த்துத் துடைக்க வேண்டும். படத்துக்குப் படம் முன்னேறிக்கொண்டிருக்கிறேன், இப்போது என் நிழல் விழுந்தாலும் யாரும் கத்துவதில்லை என்பான். நாற்பத்தாறாவது வயதில், ஒரு வங்கியின் ஜன்னலைப் பாதி துடைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தின்போது ஃப்ரீடா ஆர்விலோடு பேசவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் ரை தானிய ரொட்டியும் ஊறப்போட்ட வெள்ளரிக்காயும் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அவள் பையை வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளியும் போனார். மூன்றாம் வெள்ளி, வாசலிலேயே நின்றால் ஈ உள்ளே வருகிறது என்றாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

காலம் மாறியது. அந்தக் காலத்தில் வேலை இழந்தவர்களெல்லாம் பின்னாளில் தியாகிகள் ஆனார்கள். மெரிக் சொன்ன பெயர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, விருந்து வைத்துச் சால்வை போடாத குறையாகக் கொண்டாடினார்கள். ‘மெரிக்கின் ஏழு பேர்’ என்று ஒரு பேச்சே ஏற்பட்டுவிட்டது. ஏழு என்று ஒருவர் எழுதினார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ஒரு கூட்டத்தில் ஃப்ரீடா எழுந்து என் புருஷன் எட்டாவது ஆள் என்று சொன்னாள். மேடையில் இருந்தவர் நல்ல மனிதர், மிகவும் மரியாதையாக, அவர் எந்தெந்தப் படங்களை டைரக்ட் செய்தார் அம்மா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. நாசமாகப் போனவர்களின் வரிசையில்கூட இஸ்ஸிக்கு இடம் இல்லாமல் போயிற்று.

எண்பத்தெட்டில், ஆர்வில் ஓய்வு பெற்று, மனைவி லூயிஸும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, மார்சி என்ற பெண்ணிடமிருந்து போன் வந்தது. பழைய டைரக்டர்களைப் பேட்டி எடுத்துப் படமாக்குகிறவள். மெரிக் பேச ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் ஒலிப்பதிவுக்குத் தன் பழைய ஆள் ஆர்வில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்றாள். ஆர்விலுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

ஃப்ரீடா அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தாள். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போயிருந்தது. இருதயமும் இழுத்துக்கொண்டிருந்தது. போகாதே என்று சொல்வாள், அத்தோடு தீர்ந்துவிடும் என்று ஆர்வில் நினைத்தார். அவள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“போ. அங்க அத்தனை பேரு முன்னால இஸ்ஸி பேரைச் சொன்னான்ல? இப்ப நல்ல மனுஷங்க முன்னால ஒரு தடவை சொல்லட்டும். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அதை வச்சு நான் என்ன பண்ண. பேரு மட்டும் போதும். டேப்பைக் கொண்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டு.”

ஆர்வில் தலையாட்டினார். அவளுக்குக் கண் தெரியாதே என்று பிறகு வாயாலும் சரி என்றார்.

“நீ எடுத்துக் கொடுத்து அவன் சொல்லக் கூடாது. அவனுக்கா ஞாபகம் வரணும்,” என்றாள் ஃப்ரீடா.

மெரிக்கின் வீடு மலைமேல் இருந்தது. எண்பத்தொரு வயது. நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, என் காலத்து ஆட்களில் எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான் என்று ஆர்விலின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. அவரை வெறுக்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த ஆர்விலுக்கு, அந்த எலும்புக் கையைப் பிடித்தபோது அது கைகூடவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை அணைத்தார், சாவியை உள்ளே வைத்தார்.

பேட்டி நன்றாக நடந்தது. கிழவருக்கு ஞாபகம் கத்தி மாதிரி இருந்தது. எந்த நடிகை எந்த நாளில் அழுதாள், எந்த முதலாளி என்ன சொல்லித் திட்டினான் என்பதெல்லாம் தடுமாறாமல் வந்தது. மார்சி கடைசியாக வாஷிங்டன் விசாரணையைப் பற்றிக் கேட்டாள். அவர் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். படம் எடுக்காவிட்டால் நான் செத்துப்போயிருப்பேன் என்றார். என்னைக் கல்லூரிகளில் கூவி விரட்டியிருக்கிறார்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஏற்கெனவே தெரிந்த பெயர்களைத்தான் சொன்னேன், என்னால் புதிதாக யாரும் கெடவில்லை என்றார். ஏழு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் தெரிந்து வைத்திருந்தார். ஆர்வில் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏழாவது பெயர் முடிந்தது.

“வேற யாராவது இருக்காங்களா, சார்?” என்று கேட்டாள் மார்சி.

வாஷிங்டனில் கேட்ட அதே கேள்வி. அவளுக்கு அது தெரியாது. மெரிக் கொஞ்சம் யோசித்தார், கூரையைப் பார்த்தார்.

“இல்லம்மா. அவ்வளவுதான்,” என்றார்.

விளக்கை அணைக்கப் போனார்கள். ஆர்வில் கையைத் தூக்கினார். அறையின் சத்தம் வேண்டும், எல்லாரும் அப்படியே இருங்கள் என்றார். எல்லாரும் இருந்தார்கள். அரை நிமிஷம் ஆயிற்று. அவர் போதும் என்று சொல்லவில்லை. கேமராக்காரன் புருவத்தைத் தூக்கினான். மார்சி திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஹெட்ஃபோனில் சுவர்க் கடிகாரமும் கிழவரின் நெஞ்சில் இழுக்கிற மெல்லிய விசில் சத்தமும் கேட்டன. வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று வந்தது. ஆயுசில் முதல் தடவையாக ஆர்வில் அதற்காக நிறுத்தவில்லை. அது வந்து, கடந்து, ஒழிந்தது. மெரிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷம் செட்டில் ஊறிய உடம்பு, சைகை வராமல் அசையாது. கேட்கத்தான் கண் துடித்தது. எட்டாவது பெயரைச் சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று ஆர்விலின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. போதும் என்றார்.

சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தார். காருக்குப் பக்கத்தில் நின்று பையைத் தடவினார். சாவி இல்லை. இஸ்ஸி அவரை மறுபடி உள்ளே அனுப்பினான்.

சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்தார், விளக்கு எரியவில்லை. சுவிட்சைப் போட்டார். சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால், மெரிக் சட்டத்தைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். மற்றவர்கள் வெளியே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“எதுக்கு அவ்வளவு நேரம் நிக்க வச்ச?” என்று கேட்டார்.

“ஒருத்தரை விட்டுட்டீங்க.”

“ஏழு பேர்தானே?”

“எட்டு.”

மெரிக்கின் பார்வை ஆர்விலின் கையில் இருந்த சாவிக்குப் போனது. முகம் மெல்ல மலர்ந்தது. இந்தச் சாவி வித்தை உன்னுடையது இல்லையே, வான்கோழிக்குப் பிறகு உன் மைக் பிடிக்கிறவன் கண்டுபிடித்தது அல்லவா என்றார். படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினானே, அவன். கை நடுங்காது. ரொட்டியை இரண்டு பங்கு தின்பான். எல்லாரையும் சிரிக்க வைப்பான். ஒவ்வொன்றாகச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றார்.

“அவனையுமா சொன்னேன்?”

மெரிக் சட்டத்தின் மேல் சாய்ந்தார். ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது.

“அவன் என்ன ஆனான்?”

“ஜன்னல் துடைச்சான். செத்துட்டான்.”

“பேரு... நாக்கு நுனியில இருக்கு. இர்விங்கா? இல்ல, ஐரா... நீ சொல்லேன் ஆர்வில். நீ சொல்லு, நான் கேமரா முன்னாடி திரும்ப உக்காந்து சொல்றேன். அந்தப் பொண்ணைக் கூப்பிடு.”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். மார்சி ஓடி வருவாள், விளக்கைப் போடுவார்கள், டேப் ஓடும், ஃப்ரீடா கேட்பாள். எடுத்துக் கொடுத்தது யார் என்று டேப்பில் இருக்காது. ஆர்விலின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஃப்ரீடாவின் கண் தெரியாத முகம் வந்து நின்றது. ஞாபகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று நம்பரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரில் உட்கார்ந்து, அன்றைக்கு வாசலில் இஸ்ஸியைத் தடுத்தபோது அழாத அழுகையை அழுதார்.

போன் வரவே இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் மெரிக் இறந்தார். பத்திரிகைகள் பாதி புகழ்ந்தன, பாதி ஏசின. இரண்டு பாதியும் ஏழு பெயரைப் போட்டன.

ஆனால் ஆர்வில் ஃப்ரீடாவிடம் போனது பேட்டி முடிந்த அன்றைக்கே. அவள் தலைவாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகூட இல்லை. சொன்னானா என்றாள். பொய் சொல்லலாம் என்றுதான் வழியில் நினைத்திருந்தார், அந்த நல்ல சட்டையைப் பார்த்ததும் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். வான்கோழியை, படிக்கட்டை, ‘அவனையுமா சொன்னேன்’ என்று கேட்டதை, எதையும் விடவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு வாஷிங்டன்ல மட்டும் முழுப் பேரும் ஞாபகம் வந்திருக்கு,” என்றாள்.

பிறகு, டேப் கொண்டு வந்தாயா, கொண்டு வந்ததைப் போடு என்றாள். அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைசித் துண்டைப் போட்டு, ஹெட்ஃபோனை அவள் நரைத்த தலையில் மாட்டிவிட்டார். அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். விமானம் வந்து போகிற இடம் அவள் முகத்தில் தெரிந்தது.

“பேச்சே இல்லையே. என்ன இது?”

“எல்லாரும் பேசாம நிக்கிறாங்க, ஃப்ரீடா.”

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, தடவிப் பார்த்து, அவர் கையில் கொடுத்தாள்.

“அதைத்தான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றாள். “நீயும் அதுல நின்ன ஆளுதானே.”

ஆர்வில் ஆமாம் என்றார். அவள் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் மிஷினை மூடி எடுத்துக்கொண்டு, விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார், பிறகு அது அவளுக்கு ஒன்றுதான் என்று நினைவு வந்து, அணைக்காமலே வெளியே வந்தார்.